சத்தத்தோடு ஒரு வண்டி

குறையில்லாத வண்டி வேண்டும் என்று வருகிறவர்களைத்தான் சத்தியம் தன் தொழிலில் பார்த்திருந்தான். இருந்த குறையைக் காட்டு, இல்லாவிட்டால் வண்டி வேண்டாம் என்று நின்றவள் மெத்தைக்கார அக்கா ஒருத்திதான்.

சத்தியம் என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. பழைய கார் வாங்கி விற்கிற அவன், வாயைத் திறந்தால் மூச்சுக்கு ஒரு சத்தியம் பண்ணுவான். தன் பிள்ளைகள் மேல் பண்ணுவான், கண் மேல் பண்ணுவான், பேரம் இழுத்துக்கொண்டே போனால் வாங்க வந்தவரின் பிள்ளைகள் மேலும் பண்ணிவிடுவான். எங்கள் தெருவின் ஒரு முனையில் அவனுடைய தகரக் கொட்டகை. மறுமுனையில் என்ஜின் பிரிக்கும் ஃபிட்டரின் பட்டறை. நடுவில் ஒடுக்குத் தட்டும் டிங்கர், இரும்பு கடையும் லேத், பெயிண்ட், டயர், எங்கள் பழைய உதிரிபாகக் கடை என்று வரிசையாக இரும்பும் எண்ணெயும்தான். சாவு வீட்டுக்கு வந்தவர்கள்கூட எங்கள் தெருவைத் தாண்டும்போது சத்தம் போட்டுத்தான் அழ வேண்டியிருக்கும். அவ்வளவு இரைச்சல்.

எங்கள் கடைக்கு நேர் எதிர் வீடு அக்காவுடையது. முன்னறையில் கார் சீட்டுகளுக்கு மெத்தை தைப்பாள். சுருள் சுருளாக ரெக்சின், மூட்டையில் பஞ்சு, கட்டிலில் எந்நேரமும் யாரோ ஒருவருடைய காரின் பின்சீட்டு மல்லாந்து கிடக்கும். அடுப்பும் படுக்கையும் பின்னறையில். அவள் புருஷன் டிரைவர். சொந்த வண்டி வைத்து வாடகைக்கு ஓட்டியவர். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனவர் திரும்பவில்லை. வண்டியும் அந்தச் செலவோடு போயிற்று. அப்போது மகள் பள்ளிக்கூடப் பிள்ளை.

அந்த வண்டிதான் இத்தனை வருடம் கழித்துச் சத்தியத்தின் கொட்டகையில் வந்து நின்றது. மகளுக்குக் கார் பார்க்கத்தான் இரண்டு பேரும் போனார்கள். மகளுக்குக் கிடைத்திருந்த வேலையை எங்கள் தெருவில் ஒருவருக்கும் பிடிக்கவில்லை. கடை கடையாகப் போய்த் தராசு சரியாக இருக்கிறதா என்று சோதிக்கிற வேலை. வியாபாரிகள் நடுவில் வளர்ந்த பெண் இப்படிப் பகையைச் சம்பாதிக்கிற உத்தியோகத்துக்குப் போவாளா என்று என் அப்பா உண்மையாகவே வருத்தப்பட்டார். சோதனைக்கான எடைக்கல்லெல்லாம் கூடவே கொண்டுபோக வேண்டும். வேறு ஊரில் தங்கி, அங்கிருந்து சுற்றுப்பட்டெல்லாம் போய், வார விடுமுறைக்கு வீட்டுக்கு வர வேண்டும். அதற்குத்தான் கார்.

விலை கேட்கப் போகும்போது கூட ஒரு வியாபாரி இருக்கட்டும் என்று என்னையும் அழைத்திருந்தார்கள். நான் பேச வேண்டியிருக்கவில்லை.

அக்கா வண்டியைச் சுற்றி வரவில்லை. நேரே கதவைத் திறந்து, சீட்டின் மேலுறையைத் தூக்கி, அடியில் கையை விட்டாள். யாரோ மேலே ஒரு புது உறை மாட்டியிருந்தார்கள். அடியில் பழைய தையல் அப்படியே இருந்தது. விரலால் தடவிப் பார்த்தாள்.

"என் தையல்தான்," என்றாள். "ஸ்டார்ட் பண்ணு."

சத்தியம் சாவியைத் திருகினான். என்ஜின் பூனை மாதிரி உறுமிக்கொண்டு நின்றது.

"கேளுங்கக்கா, எப்படி இருக்கு. என் ரெண்டு கண்ணு மேல சத்தியமா, கைக்குழந்தையப் பக்கத்துல படுக்க வெச்சாலும் முழிக்காது."

அக்கா கொஞ்ச நேரம் கேட்டாள். முகம் வாடிவிட்டது.

"இது அவரு வண்டி இல்ல."

"நம்பரப் பாருங்கக்கா. அதே நம்பர்."

"நம்பர் இருக்கு. சத்தம் இல்லையே."

"சத்தமா?"

"அவரு வண்டி டொக்கு டொக்குன்னு அடிக்கும். என்ஜின மாத்திட்டீங்க போல. அப்ப இது வேற வண்டி. வாடி, போலாம்."

மகள் அம்மாவின் கையைப் பிடித்தாள். "அம்மா, சத்தம் இல்லன்னா நல்லதுதானேம்மா."

"உனக்குத் தெரியாது. நீ சும்மா இரு."

சத்தியத்தின் முகத்தைப் பார்க்க வேண்டுமே. அந்தச் சத்தத்தை அமுக்க வெளியூர் ஆளைக் கூட்டிவந்து, போல்ட்டுகளைப் பசை வைத்து முறுக்கி, கெட்டி ஆயிலை ஊற்றி, இரண்டு நாள் பாடுபட்டிருக்கிறான். இருக்கிறது என்று சொன்னால் விலை இறங்கும். இல்லை என்று சொன்னால் ஆளே போய்விடும். வாழ்க்கையில் முதல் தடவையாக அவனுக்கு எதன்மேல் சத்தியம் பண்ணுவது என்று தெரியவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு, குரலை இறக்கிச் சொன்னான்:

"என்ஜின் அதேதான்க்கா. ஒரு வாரம் ஓட்டுங்க. அந்தச் சத்தம் வரும்."

"வருமா?"

"பெத்த பிள்ளைங்க மேல சத்தியமா வரும்."

அவன் பண்ணிய சத்தியங்களில் பலித்தது அது ஒன்றுதான். குறையைச் சொல்லி விலையைக் குறைக்கிறவர்களைக் கேட்டுக் கேட்டு வளர்ந்தவன் நான். குறை இல்லையே என்று சொல்லி விலையைக் குறைத்தவளை அன்றுதான் பார்த்தேன். சத்தியமும் மறுபேச்சுப் பேசாமல் குறைத்தான்.

சொன்ன மாதிரியே ஆயிற்று. மகள், ஆபீஸில் முன்கூட்டியே கொடுத்திருந்த எடைக்கல் பெட்டிகளைப் பின்னால் ஏற்றிப் பக்கத்து ஊர்களுக்குப் பழக்கத்துக்காகப் போய்வர ஆரம்பித்த சில நாட்களில், ஒரு மத்தியான நேரம், மழை வரும்போல வானம் இறங்கியிருந்தது. நான் கடை வாசலில் ஒரு துருப்பிடித்த ஸ்டார்ட்டர் மோட்டாரை மண்ணெண்ணெயில் கழுவிக்கொண்டிருந்தேன். எதிர்வீட்டில் தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. திடீரென்று நின்றது. அக்கா வாசலுக்கு வந்தாள்.

"தம்பி, கேக்குதா?"

டிங்கர் அடித்துக்கொண்டிருந்தார், லேத் கிறீச்சிட்டுக்கொண்டிருந்தது. எனக்கு ஒன்றும் கேட்கவில்லை.

"முனையில திரும்புது பாருங்க."

வண்டி முனையில் திரும்பியது. பிறகுதான் எனக்குக் கேட்டது. டொக் டொக் டொக் என்று, மூடிய கதவை யாரோ உள்ளிருந்து விரல் மடக்கித் தட்டுகிற மாதிரி. வாசலுக்கு நெருங்கும்போது அந்தத் தட்டல் ஒரு மூச்சு நேரம் நின்றது. பிறகு வண்டி நின்று, மறுபடி தட்டிற்று. பிறகு அடங்கியது.

"பாத்தீங்களா," என்றாள் அக்கா. "வாசல் கிட்ட வந்ததும் கொஞ்சம் சும்மா இருக்கும். அந்த நேரத்துல நான் எழுந்து அடுப்பப் பத்த வெச்சுருவேன். அவரு எப்ப வருவாருன்னு என்னைக்குச் சொல்லிட்டுப் போயிருக்காரு? சவாரி எங்க இழுக்குதோ அங்க போவாரு. சில நாள் ஆளே வரமாட்டாரு. நானும் இந்த மெஷின்ல உக்காந்து காதை மட்டும் தெருவுல வெச்சிருப்பேன். நூலு அறுந்தாக்கூடக் கவனிக்க மாட்டேன், அத மட்டும் விட்டதில்ல."

சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். கண்ணைத் துடைத்துக்கொள்ளவெல்லாம் இல்லை. அன்று சாயங்காலம் வரை அவள் மெஷின் ஓடிய வேகத்தைக் கேட்டவர்கள், கல்யாண ஆர்டர் ஏதோ வந்திருக்கிறது என்று நினைத்திருப்பார்கள்.

மகளுக்கு அந்தச் சத்தம் சரியாகப் படவில்லை. மறுநாளே ஃபிட்டரிடம் கொண்டுபோனாள். ஃபிட்டரைத் தெருவில் பொறுமை என்று கூப்பிடுவோம். அவசரமாக வருகிற எவரையும் "பொறு, பொறு" என்று சொல்லியே பாதி ஆயுளைக் கழித்தவர். டிரைவருக்கு நெருங்கிய கூட்டாளி. ஒருவரையொருவர் மாப்ளே என்று கூப்பிட்டுக்கொள்வார்கள். நானும் ஒரு பழைய பேரிங்கை அளவு பார்க்கப் போனவன் அங்கேயே நின்றுவிட்டேன்.

"மாமா, கிளட்ச்ச மிதிச்சா சத்தம் நின்னுடுது. விட்டா வருது," என்றாள் மகள்.

"பொறு. மறுபடி மிதி. விடு. மிதி."

அவர் காதைத் தாழ்த்திக் கேட்டார். பிறகு வண்டிக்கு அடியில் அட்டையைப் போட்டுப் படுத்து, கியர் பாக்ஸுக்குக் கீழே இருந்த சின்னத் தகட்டை மட்டும் கழற்றி, டார்ச் அடித்துப் பார்த்தார். ஒரு நீட்டு ஸ்க்ரூ டிரைவரை உள்ளே விட்டு நெம்பினார். உள்ளே ஏதோ கனமாக அசைந்தது. கனமானது எதுவும் அங்கே அசையக் கூடாது என்று எனக்கே தெரியும்.

வெளியே வந்து கையைத் துடைத்துக்கொண்டு, என் பக்கம் பார்க்காமல் மகளிடம் பேசினார்.

"என்ஜினுக்கு முதுகெலும்பு மாதிரி ஒரு தண்டு இருக்கு பாப்பா. கிராங்க் ஷாஃப்ட்டு. அதோட வால்ல, தட்டு மாதிரி ஒரு கனமான சக்கரத்தப் போல்ட்டுப் போட்டு இறுக்கியிருப்பாங்க. அது ஃப்ளைவீல். ரெண்டும் ஒட்டிப் பிறந்த மாதிரி சேந்து சுத்தணும். இங்க போல்ட்டெல்லாம் லூசு. எவனோ பசையத் தடவி முறுக்கிருக்கான், அதுவும் விட்டுப்போச்சு. சக்கரம் ஆடி ஆடித் தண்டுல இருக்கிற ஓட்டையெல்லாம் முட்டை வடிவத்துல தேஞ்சுபோச்சு. கிளட்ச்ச மிதிச்சா அழுத்திப் பிடிக்குது, ஆடல. விட்டா தட்டுது."

"அப்பா காலத்துலயே இருந்ததாம்."

பொறுமை அட்டையை எடுத்துச் சுவரில் சாய்த்து வைத்தார். டீக்குச் சொல்லியனுப்பினார். டீ வந்து, அதைக் கையில் வாங்கிக்கொண்ட பிறகுதான் வாய் வந்தது.

"ஒரு போல்ட்டு வேற அதுல. மத்ததோட சேராத போல்ட்டு. அது உங்கப்பன் கைவேலை. தூரத்துச் சவாரியில நடுரோட்டுல கிளட்ச்சு போயிருச்சு. வண்டிக்குள்ள ஆஸ்பத்திரிக்குப் போற ஆளுங்க. அங்கயே கியர் பாக்ஸ இறக்கி, அந்தச் சக்கரத்தையும் அவனே கழட்டி மாட்டியிருக்கான். மணல்ல ஒரு போல்ட்டு விழுந்து காணல. கையில இருந்த எதையோ போட்டு இறுக்கிட்டு வந்துட்டான். கொண்டா, சரி பண்ணித் தாரேன்னேன். அடுத்த வாரம் மாப்ளே, அடுத்த வாரம் மாப்ளேன்னான். அவனுக்கு என்னைக்கு வண்டிய ஒரு நாள் நிறுத்தி வைக்க முடிஞ்சுது? பின்னால வாங்கினவன் வண்டிய ஓட்டாம வீட்டு முன்னாடி அழகுக்கு நிறுத்தி வெச்சிருந்தான் போல. அதனால இதுவரைக்கும் தாங்குச்சு."

"இப்படியே ஓட்டினா?"

"தண்டு முறியும். முறிஞ்சா அந்தச் சக்கரம் சும்மா இருக்காது பாப்பா. வேகத்துல சுத்திக்கிட்டிருக்கிற இரும்பு. கியர் பெட்டிய உடைச்சுக்கிட்டு வெளிய வரும். அது இருக்கிற இடத்துக்குப் பக்கத்துலதான் உன் காலு இருக்கு. நீ வேற பின்னால கல்லு ஏத்திக்கிட்டுப் போற."

என்ஜினை முழுதாக இறக்க வேண்டும். தண்டையும் ஃப்ளைவீலையும் மாற்ற வேண்டும். இரண்டும் எங்கள் கடையில் கிடந்தன. உதிரிபாகக் கடைக்காரனுக்குச் சந்தோஷப்பட வேண்டிய நேரம்தான்.

"பண்ணிட்டா சத்தம்?" என்று நானே கேட்டேன்.

"சத்தத்துக்கு அங்க என்ன வேலை?" என்றார் பொறுமை.

அக்கா ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள். வேண்டாம்.

சாயங்காலம் பொறுமையே வீட்டுக்கு வந்தார். தண்டையும் சக்கரத்தையும் காட்டுவதற்கு நான் தூக்கிக்கொண்டு போயிருந்தேன். காட்டினால் புரியும் என்று அவர் நினைத்தார். அக்கா அவற்றைத் திரும்பியும் பார்க்கவில்லை. ஒரு முன்சீட்டைக் கவிழ்த்து வைத்து ஓரம் தைத்துக்கொண்டிருந்தாள்.

"தங்கச்சி, கொஞ்சம் பொறுமையா கேளு."

"கேட்டாச்சுண்ணே. அவரு ஓட்டினாருல்ல? ஒண்ணும் ஆகல. இவ ஓட்டினா மட்டும் ஆயிருமா?"

"அவன் ஓட்டினப்ப ஓட்டை வட்டமா இருந்துச்சு."

"எனக்கு இந்த வட்டம் சதுரமெல்லாம் தெரியாதுண்ணே. இத்தன வருஷம் கழிச்சு அந்தச் சத்தம் என் வாசலுக்கு வந்திருக்கு. வந்த கையோட கழுத்தைப் பிடிச்சு வெளிய தள்ளுங்கறீங்க."

மகள் பின்னறை நிலைப்படியில் நின்றிருந்தாள். துணிப்பெட்டி பாதி அடுக்கியபடி அவளுக்குப் பின்னால் திறந்து கிடந்தது.

"அம்மா, நான் அடுத்த வாரம் வேலையில சேரணும். இந்த வண்டியிலதான் போகணும்."

"போ. யாரு வேணாம்னா? சத்தத்தோட போ, சத்தத்தோட வா. நீ வர்றது எனக்கு எப்படித் தெரியும்?"

"ஃபோன் பண்ணுவேன்."

"ஃபோனு வர்றேன்னு சொல்லும். அது வந்துட்டேன்னு சொல்லும். ரெண்டும் ஒண்ணா?"

பொறுமை கூரையைப் பார்த்தார். பிறகு மகள் பேசினாள். குரல் உயரவில்லை.

"உனக்கு அது அப்பா வர்ற சத்தம்மா. எனக்கு அப்பா போற சத்தம்."

அக்காவின் கை நின்றது.

"நான் முழிக்கிறதுக்கு முன்னாடி அவரு கிளம்பிடுவாரு. பாதித் தூக்கத்துல அந்த டொக்கு டொக்குதான் கேக்கும். எந்திரிச்சு ஓடி வருவேன். நான் செருப்பு தேடறதுக்குள்ள அது முனைக்குப் போயிருக்கும். வர்றப்ப நான் தூங்கியிருப்பேன். எனக்கு அது வந்ததே இல்ல. போனது மட்டும்தான். கடைசியா ஆஸ்பத்திரிக்குப் போனப்பகூட, மாமாதான் ஓட்டினாரு, அதே சத்தம். அன்னைக்கும் எனக்கு முனையிலதான் கேட்டுச்சு."

பொறுமை எழுந்து வாசலுக்குப் போய், துப்புவதற்கு ஒன்றும் இல்லாமலே துப்பிவிட்டு வந்தார்.

"இப்ப நானே அதுக்குள்ள உக்காந்து போறேன்," என்றாள் மகள். "ஒவ்வொரு தட்டுக்கும் எனக்குக் கால் கூசுது. அம்மா, நீ அதக் கேட்டு அடுப்பப் பத்த வெச்சிட்டு உக்காந்திருப்ப. அது வராமப் போச்சுன்னா?"

அக்கா ஊசியில் கோர்த்த நூலை உருவினாள், மறுபடி கோர்த்தாள். "சோறு ஆறுது, போய்ச் சாப்பிடு," என்று மட்டும் சொன்னாள். நாங்கள் இரும்பைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டோம்.

மறுநாள் காலை அக்கா பட்டறைக்கு வந்தாள். வீட்டை விட்டு அந்தப் பக்கம் அவள் வந்து நான் பார்த்ததே இல்லை. தெருவில் ஆண்கள் குனிந்து வேலை செய்கிற இடங்களைத் தாண்டி, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, நேரே வந்து நின்றாள்.

"பிரிச்சுக்கங்கண்ணே."

"சரி தங்கச்சி."

"பிரிக்கிறதுக்கு முன்னாடி ஒரு தடவ முனையிலேருந்து வீட்டுக்கு வரட்டும். நான் உள்ள மெஷின்ல இருப்பேன். பாக்கமாட்டேன். கேக்கணும், அவ்வளவுதான்."

பொறுமை யோசித்தார். "முதல் கியர்ல, நடக்கற வேகத்துல. கல்லெல்லாம் இறக்கிட்டு. நான் பக்கத்துல நடந்து வருவேன்."

"வாசல் கிட்ட நிக்குமே, அது?"

"நிறுத்தணும்னா கிளட்ச்ச மிதிச்சுத்தானே ஆகணும். நிக்கும்."

அவள் போன பிறகு பொறுமை ஒரு வேலை செய்தார். அவர் பொறுமையாகச் செய்யாத வேலை என்று அதைத்தான் சொல்ல வேண்டும். ஒவ்வொரு பட்டறையாக ஏறி, சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் கொஞ்ச நேரம் வேலையை நிறுத்தச் சொன்னார்.

டிங்கர் ஒத்துக்கொள்ளவில்லை. "வண்டிக்காரன் தலைமேல நிக்கிறான். டெலிவரி குடுக்கணும். எவன் வண்டிக்கோ என் சுத்தியல ஏன் கீழ வைக்கச் சொல்றே?"

"உன் சுத்தியல் சத்தத்துல உன் பொண்டாட்டி திட்டுறதுகூடக் கேக்காதுன்னு சந்தோஷமா இருக்கியே, அதனாலதான்."

"அது உண்மைதான். ஆனா சாயங்காலம் அவ இங்க வர்றதில்லயே."

"அப்ப வை."

வைத்தார். லேத்துக்காரர் பெல்ட்டைக் கழற்றினார். டயர் கடையில் காற்றடிக்கும் மோட்டாரை அணைத்தார்கள். சத்தியம் தன் கொட்டகையில் பாடிக்கொண்டிருந்த ரேடியோவை நிறுத்திவிட்டு, ஏதோ சொல்ல வாயைத் திறந்தவன், அதையும் மூடிக்கொண்டான். எங்கள் தெருவில் காக்காய் கத்துகிற சத்தம் கேட்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. எங்கோ ஒரு குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. என் அப்பா கல்லாவில் உட்கார்ந்தபடியே செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். ஏன் என்று அவருக்கும் தெரிந்திருக்காது.

அக்காவின் முன்கதவு திறந்திருந்தது. ரெக்சின் சுருள்களுக்கு நடுவே, வாசலுக்கு முதுகைக் காட்டி, மெஷினில் உட்கார்ந்திருந்தாள். ஊசிக்கு அடியில் துணி இருந்தது. காலை மிதியில் வைத்திருந்தாள், மிதிக்கவில்லை.

முனையிலிருந்து வந்தது.

டொக். டொக். டொக். வண்டியைவிட அது முன்னால் வந்தது. ஒவ்வொரு கடை வாசலையும் தட்டிக்கொண்டு வருகிற மாதிரி வந்தது. பொறுமை வண்டியின் கதவில் கையை வைத்தபடி, மாடு பிடித்து வருகிறவர் போல் கூடவே நடந்தார். மகள் ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்து நேரே பார்த்துக்கொண்டு வந்தாள். டிங்கரின் கடையைத் தாண்டியது. எங்கள் கடையைத் தொட்டது. அக்காவின் தோள் அசையவில்லை.

வாசலுக்குக் கொஞ்சம் முன்னால் தட்டல் நின்றது.

நான் அக்காவைப் பார்த்தேன். அவள் எழுந்துவிட்டாள். துணியை விட்டுவிட்டு, திரும்பிப் பார்க்காமல், நேரே பின்னறைக்குப் போனாள். தீக்குச்சி உரசுகிற சத்தம் தெருவுக்கே கேட்டது.

வண்டி வாசலில் நின்று மறுபடி தட்ட ஆரம்பித்தது. மகள் இறங்கவில்லை. சாவியில் கை வைத்தாள், எடுத்துக்கொண்டாள். உள்ளே பார்த்தாள். பொறுமையைப் பார்த்தாள். பொறுமைக்குத் தெரியும், நின்றபடி ஓடுகிற ஒவ்வொரு நொடியும் அந்தத் தண்டுக்குக் கேடு. ஆனால் அவரும் அணை என்று சொல்லவில்லை. தெருவில் ஒருவரும் சொல்லவில்லை. டொக் டொக் என்று அது பாட்டுக்கு அடித்துக்கொண்டிருந்தது. இவ்வளவு பேர் கேட்க அது ஒரு நாளும் அடித்திருக்காது.

உள்ளே அக்கா ஏதோ பாத்திரத்தை அடுப்பில் வைத்தாள். மூடியைத் தேடுகிற சத்தம். பிறகு குரல் வந்தது. பிசிறில்லாத, எப்போதும் இரைச்சலுக்கு மேல் பேசிப் பழகிய குரல்.

"அத அணைச்சிட்டு உள்ள வாடி. சாப்பிட்டுட்டுப் பட்டறையில கொண்டுபோய் விடலாம்."